பொட்டு வைத்த நாடுகள்

அத்தை வீட்டுக் குளியலறைக்குத் திரை கிடையாது. கதவே பாதிதான் மூடும். ஆனால் ஹாலில், டிவிக்கு நேர் எதிரே, சுவர் முழுக்க ஒரு குளியலறைத் திரை தொங்கும். உலக வரைபடம் அச்சடித்த பிளாஸ்டிக் திரை. லுக்குட் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், அத்தை பேரம் பேசி வாங்கியது. வாங்கி வந்த அன்று மாமா ஆணியும் சுத்தியலுமாகக் குளியலறைப் பக்கம் நடந்திருக்கிறார். "அங்க இல்லைலா, இங்க. சோப்புத் தண்ணி தெளிக்கிறதுக்கா உலகத்த வாங்கியாந்தேன்?" என்று அத்தை ஹாலைக் காட்டினாராம். மாமா மறுபேச்சுப் பேசாமல் டிவிக்கு எதிரே ஆணி அடித்தார். மாமா எப்போதும் அப்படித்தான்.

மலிவு விலைத் திரை. அச்சடித்தவன் பெரிய நாடுகளைப் போட்டுவிட்டுச் சின்னதையெல்லாம் விட்டுவிட்டான். பசிபிக் கடல் வெறும் நீலமாகக் கிடந்தது. அத்தைக்கு வந்ததே கோபம். கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். விடுபட்ட நாடு எங்கே இருக்கிறது என்று என் போனில் பார்க்கச் சொல்லி, திரையில் அதே இடத்தில் ஒரு பொட்டு. துவாலுவுக்குச் சிவப்பு. நவுருவுக்கு மெரூன். கொமொரோஸ் தீவுகளுக்கு மூன்று குட்டிப் பொட்டுகள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் உலகமே தீபாவளிக்குக் கிளம்பினது மாதிரி இருந்தது. அத்தையின் நெற்றி மட்டும் ஒரு மாதம் வெறும் குங்குமத்தோடு இருந்தது.

இவர் என் அப்பாவுடைய அக்கா. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிற வேலை. மாமா அதே தோட்டத்தில் லாரி ஓட்டினார், குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற லாரி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. படிப்பு என்று பார்த்தால் அத்தை தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆனால் காலை வேலைக்குப் போகும்போது தலையில் கட்டிய துண்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, உலகச் செய்தி கேட்டுக்கொண்டேதான் குனிந்து நிமிர்வார். பழம் பொறுக்குகிற கை நிற்காது. திடீரென்று நிமிர்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம், "கிரிபாட்டில கெணத்துத் தண்ணி எல்லாம் உப்பாப் போச்சாம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் கிரிபாட்டி யாருடைய மருமகன் என்று யோசிப்பார்.

பெரிய நாடுகள் மேல் அத்தைக்கு அக்கறையே கிடையாது. அவங்களுக்கு அழறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க என்பார். யாரும் விசாரிக்காத நாடுகள்தான் அவர் கணக்கில் சொந்தபந்தம். குடும்பத்தோடு போர்டிக்சன் கடற்கரைக்குப் போனால், நாங்கள் எல்லாம் தண்ணீரில் கும்மாளம் போடுவோம். அத்தை பாயில் உட்கார்ந்து, அலை எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். "இதே தண்ணிதான் துவாலுல வீட்டுக்குள்ள வருது" என்று சொல்லி, வாயருகே கொண்டுபோன பொரித்த கோழியைத் திரும்பப் பொட்டலத்தில் வைப்பார். பிறகு ஐந்து நிமிடம் கழித்து எடுத்துச் சாப்பிடுவார். துக்கம் வேறு, கோழி வேறு.

அப்பா போர்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியும், தேவையே இல்லாமல் இன்னொரு காரும் வாங்கினார். அத்தை வந்து டிவியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நவுருக்காரங்களும் இப்படித்தான். மண்ண நோண்டி வித்து ஒரே ஆட்டம் போட்டாங்க. இப்ப நோண்டறதுக்கு மண்ணும் இல்ல" என்றார். அப்பாவுக்கு நவுரு ஒரு நாடு என்பதே அன்றுதான் தெரியும். ஆனால் அடுத்த மாதமே அந்தக் காரை விற்றார்.

அத்தையிடம் ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'பேர் தெரியாத' என்ற வார்த்தை. கோலா சாவாவில் ஒரு கல்யாண விருந்து. பந்தியில் ஒரு சொந்தக்காரர், தன் மகன் கப்பல் வேலையில் ஏதோ பேர் தெரியாத நாட்டில் இறங்கியிருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னார். அத்தை அப்பளத்தை நொறுக்கியபடி, பேர் தெரியாத நாடா, உங்களுக்குப் பேர் தெரியாத நாடா என்று கேட்டார். அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அத்தை விடவில்லை. மகனுக்குப் போன் போடச் சொல்லி, அது கேப் வெர்டி என்று கண்டுபிடித்து, பந்தியில் இருந்த எல்லாருக்கும் இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ரசத்துக்கு வந்தார். மாமா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாயசத்துக்குள்ள முடிச்சாளே, அதுவே புண்ணியம்" என்றார்.

தோட்டத்திலும் இதே கதைதான். இப்போது குலை வெட்டுபவர்கள் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுப் பையன்கள். வேலை வாங்குகிற மண்டோர் எல்லாரையும் பங்களாதேஷ்காரர்களாக்கி, 'பங்களா' என்று ஒரே சத்தமாகக் கூப்பிடுவார். நேப்பாளப் பையனையும் சேர்த்துத்தான். அத்தை முதல் நாளே ஒவ்வொருவரிடமும் போய், எந்த மாவட்டம், ஆற்றுக்கு எந்தக் கரை, அம்மா இருக்கிறார்களா என்று உடைந்த மலாயில் விசாரித்துவிடுவார். அதன்பிறகு ஒருவன் சில்ஹெட் தம்பி, இன்னொருவன் ஜாப்பா தம்பி. ஜாப்பா தம்பிக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது அத்தை கஞ்சி கொண்டுபோனார். அவன் ஊரில் கூடத் தன்னை யாரும் ஜாப்பா என்று கூப்பிட்டதில்லை என்று சொல்லி அந்தக் காய்ச்சலிலும் சிரித்தானாம்.

ஏன் இந்த வெறி என்று நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். அத்தை சுற்றி வளைக்காமல் சொன்னார். எங்கள் புக்கிட் பெலண்டோக் ஒரே ஒரு தடவைதான் உலகச் செய்தியில் வந்தது. அதுவும் ஒரு காய்ச்சலால். பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்து ஆட்களைக் கொண்டுபோன காய்ச்சல். அதெல்லாம் அடங்கி வெகு நாள் கழித்து, அத்தை சிரம்பானில் ஒரு துணிக்கடைக்குப் போயிருக்கிறார். எந்த ஊர் என்று கடைக்காரப் பெண் கேட்க, இவர் சொல்ல, அந்தப் பெண் கையில் பிடித்திருந்த சேலையை மேசை மேல் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போனாளாம். "ஒண்ணு, ஊரு பேரே தெரியாது. தெரிஞ்சா சீக்குதான் தெரியும். நம்ம கோவிலு, நம்ம பந்து வெளையாட்டு, நான் வைக்கிற மீன்கொழம்பு, ஒண்ணும் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சேலையை மட்டும் வாங்காமல் வரவில்லை. கடைக்காரியே எடுத்துக் கையில் கொடுக்கிற வரை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் கோலாலம்பூரில் கட்டட வரைபடம் படித்தேன். கூடப் படித்தவன் தாபோ. நெட்டையாக, கூச்சமாக, எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுகிறவன். ஊர் லெசோத்தோ. தென் ஆப்பிரிக்காவுக்கு நடுவில், நாலு பக்கமும் அந்த ஒரே நாட்டால் அடைபட்ட மலை நாடு. மூன்று வருடம் வரைபலகைக்கு முன்னால் சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் சண்டை போட ஆள் இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம். படிப்பு முடிந்து நான் போர்டிக்சனுக்குத் திரும்பி ஒரு வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவனுக்கு மாணவர் விசா இன்னும் சில மாதம்தான். வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளையாக ஒருவனை மாப்பிள்ளை என்று கூட்டி வந்தால் வாசலில் கோலம் போடுகிற ஊர், கறுப்பாக ஒருவனைக் கூட்டி வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த நேரம் பார்த்துத்தான் செய்தியில் அது வந்தது. பெரிய நாடு ஒன்றின் தலைவர் தன் நாட்டு மன்றத்தில் பேசும்போது லெசோத்தோவைச் சொல்லி, அப்படி ஒரு நாட்டை யாருமே கேள்விப்பட்டதில்லை என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அன்று அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டார்.

"யாருமே கேள்விப்படலையாம். உதிரிப் பழம் பொறுக்குறவ நான், நான் கேள்விப்பட்டிருக்கேன். சிரிக்கிறாங்க பாரு, பல்லு முப்பத்தி ரெண்டும் தெரிய."

கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. அத்தை திரைக்குப் பக்கத்தில் போய், தென் ஆப்பிரிக்காவின் நடுவில் ஒட்டியிருந்த பச்சைப் பொட்டைக் கட்டை விரலால் அழுத்தினார், கீழே விழுந்துவிடுமோ என்று பயந்ததுபோல. எனக்கு என்ன தோன்றியதோ, வாய் திறந்துவிட்டது.

"அத்தை, எனக்கு அந்த ஊருல ஒருத்தரைத் தெரியும்."

"தெரியும்னா?"

"நல்லாத் தெரியும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன மதம், என்ன நிறம், என்ன சம்பளம், இப்படி ஏதாவது ஒன்றுக்குத்தான் நான் தயாராக இருந்தேன். அத்தை கேட்ட முதல் கேள்வி, "மலைக்கு மேலயா, கீழயா?" என்பது. மேலேதான் என்றேன். "அங்க பனி விழுமே. அம்மா இருக்காங்களா?" இருக்கிறார், அப்பா இல்லை என்றேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா என்றார்.

தாபோ வந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த வீடுகள் அத்தனையும் ஏதோ வேலையாக வாசலுக்கு வந்துவிட்டன. லெசோத்தோவுக்கு ராஜா உண்டு என்று அத்தை முந்தின நாளே பரப்பியிருந்தார். அது பத்து வீடு தாண்டுவதற்குள், ராஜா வீட்டுப் பையன் வருகிறான் என்று ஆகிவிட்டது. தாபோ பழைய டி-ஷர்ட்டில், பேருந்து நிறுத்தத்திலிருந்து வியர்த்து வழிந்து நடந்து வந்தான். கோவில் செயலாளர் மட்டும் நம்பிக்கை இழக்காமல் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

திரையில் தன் நாட்டுப் பொட்டைப் பார்த்ததும் தாபோ முதலில் சிரித்தான். பிறகு அதன் மேல் விரலை வைத்தான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கே போனாலும் வரைபடத்தில் தேடிக் காட்டுவது தன் வேலையாக இருந்தது, முதல் தடவையாக ஒருவர் தனக்குக் காட்டுகிறார் என்றான். நான் மொழிபெயர்த்தேன். அத்தை அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

சாப்பாட்டுக்கு நடுவே கல்யாண முறை பற்றிப் பேச்சு வந்தது. தன் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடுகள் கொடுப்பார்கள் என்றான் தாபோ. அத்தைக்குப் பரம திருப்தி. "கேட்டியாலா? அங்க மாப்ள வீடு குடுக்குது. நம்ம ஆளுங்க வாங்கி வாங்கியே ஏப்பம் விடுறாங்க. மாடுன்னா சும்மாவா, லட்சுமி" என்று மாமாவைப் பார்த்தார். தாபோ உற்சாகமாகி, கல்யாணத்தன்று அந்த மாட்டில் ஒன்றை என்ன செய்வார்கள் என்று விளக்கத் தொடங்கினான். நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். மாலை போடுவார்கள் அத்தை என்று மொழிபெயர்த்தேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னதும் அத்தைதான். அப்பா எடுத்த எடுப்பில் நிறத்தில்தான் தொடங்கினார். அத்தை சுவர்க் கண்ணாடியைக் கழற்றி அப்பாவின் மடியில் வைத்து, முதல்ல இதப் பாத்துட்டுப் பேசு என்றார். எங்கள் குடும்பத்தில் யாரும் இருட்டில் தனியாகத் தெரிகிற நிறம் இல்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு அப்பா தூரம் என்றார். உன் பேருந்து மாதிரி ரெண்டு விமானம் மாறினால் போய்விடலாம் என்றார் அத்தை. நாலு பக்கமும் அடைபட்ட நாட்டில் இவள் எப்படி இருப்பாள் என்றார் அப்பா. "ஏன், ஒம் பொண்டாட்டி இருக்கலையா? கல்யாணமாகி வந்தப்ப நாலு பக்கமும் நம்ம வீட்டு ஆளுங்கதான். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூச்சு விட்டாளா அவ?" சமையலறையில் அம்மா பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். அம்மா எங்கள் பக்கம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் அப்பா தன் பெரிய துருப்புச் சீட்டை எடுத்தார்.

"பையன் தங்கமாவே இருக்கட்டும்க்கா. கேக்குறதுக்கு ஆள் வேணாமா? நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரு வாசல்ல போய் நிக்கிறது? முறையா தட்டெடுத்து, பெரியவங்க வந்து பொண்ணு கேக்கட்டும். நான் தரேன்."

முடியாது என்று சொல்லாமலே முடியாது என்று சொல்லிவிட்டார். தாபோவின் அம்மா மலைக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமைத்துப் போடுகிறவர். பாஸ்போர்ட் கிடையாது, டிக்கெட்டுக்கு வழி கிடையாது. விசா முடிய இரண்டே மாதம். அவன் திரும்பிப் போனால் அதோடு சரி என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் தாபோவைப் பாருங்கள், உன் அப்பா சொல்வது நியாயம்தானே என்கிறான். அவன் ஊரிலும் மாமன்மார் போய்க் கேட்காமல் யாரும் பெண் கொடுக்க மாட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு நாள் அவன் போனை எடுக்கவில்லை.

அத்தை தாபோவின் அம்மாவோடு பேச வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு, அங்கே காலை ஒன்பது மணி, வீடியோவில் பிடித்துக் கொடுத்தோம். அங்கே அந்த அம்மா சர்ச்சுக்குக் கிளம்பி, தோளில் கனமான கம்பளிப் போர்வையை ஊக்குக் குத்திப் போர்த்தியிருந்தார். இங்கே அத்தை நைட்டியில், மேலே ஒரு துண்டு. இவர் தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்ல, தாபோ தன் மொழியில் சொல்ல, பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது. என்ன சமைத்தீர்கள், எத்தனை பிள்ளைகளுக்கு, விறகா கேஸா. கல்யாணப் பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் எங்கள் மேல் பொறுமை போய்விட்டது. அவரவர் மொழியிலேயே பேசி, அவரவரே சிரித்துக்கொண்டார்கள். அத்தை போனைத் திருப்பித் திரையில் இருந்த பச்சைப் பொட்டைக் காட்டினார். அந்த அம்மா கையால் வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு அத்தை இந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். போன் போட்டால் பலாவ் நாட்டு மீன்களைப் பற்றிப் பேசினார். எனக்குப் பற்றி எரிந்தது. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, இவருக்கு மீன் கேட்கிறதே என்று நினைத்தேன். பிறகு ஒரு புதன்கிழமை அத்தையிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வீடு வருகிறது, நம் தோட்டத்து ஆட்கள்தான், பெரியவர்கள் தட்டோடு வருவார்கள், பிள்ளைக்குச் சேலை கட்டி வை.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். நான் அத்தையைக் கூப்பிட்டுக் கண்டபடி பேசினேன். துவாலுவுக்கு அழுவீங்க, எனக்கு அழ மாட்டீங்களா என்று கேட்டேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்க என்று சொல்லிப் போனை வைத்தார். தாபோ போனையே எடுக்கவில்லை. அன்று நான் அழுத அழுகை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. சரியாக மூன்று மணிக்குத் தோட்டத்து வேன் வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்றது. முதலில் மாமா இறங்கினார், வெள்ளை வேட்டியில், கையில் தட்டோடு. பிறகு லயத்துப் பெண்கள் மூன்று பேர், தட்டுகளோடு. துவைத்த சட்டையில் சில்ஹெட் தம்பியும் ஜாப்பா தம்பியும், ஆளுக்கொரு தட்டு. அவர்களுக்குப் பின்னால் யாரோ தைத்துக் கொடுத்த ஜிப்பாவில் தாபோ. கடைசியாக அத்தை.

அத்தை பட்டுச் சேலைக்கு மேல் ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்தியிருந்தார். மண் நிறத்தில், சோளக்கதிர் படமும் நீளக் கோடுகளும் போட்ட, மலையில் பனிக்குப் போர்த்துகிற போர்வை. மார்பில் பெரிய ஊக்கு. தாபோவின் ஊரிலிருந்து புதிதாகப் படிக்க வந்த ஒரு பையன் கையில் அந்த அம்மா கொடுத்து அனுப்பியது என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்று வாரமும் நடந்தது இதுதான். மாமா பிடித்திருந்த போனில் அந்த அம்மாவே இருந்தார். அவர் எதையோ சொல்ல, தாபோ ஓடிவந்து அத்தையின் போர்வையைக் கழற்றித் திருப்பிப் போட்டான். கோடுகள் படுத்திருக்கக் கூடாதாம், நின்றுகொண்டிருக்க வேண்டுமாம். அத்தை பொறுமையாக நின்று குத்திக்கொண்டார். கழுத்திலிருந்து வியர்வை ஓடியது.

அத்தை கையில் ஏழாவது தட்டு. வெற்றிலை பாக்கு, அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மாடு. எங்கள் சொந்தத்தில் அத்தையின் கையில் நான் தட்டைப் பார்த்ததே இல்லை. பிள்ளை பெறாதவள் என்று, வாயால் சொல்லாமல், நல்ல காரியம் எதுவானாலும் அவரைச் சமையல் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அவரும் கரண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது நாட்டைப் பற்றிப் பேசியபடி போய்விடுவார். நானும்தான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

தம்பி வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, நேராகக் குளிர்பெட்டியைத் திறக்கிறவர் அத்தை. அன்று வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார். அப்பா எதுவும் புரியாமல், "என்னக்கா இது கூத்து, உள்ள வா" என்றார்.

"நான் இன்னிக்கு உன் அக்காவா வரல தம்பி. மாப்ள வீடு வந்திருக்கு."

அப்பா தாபோவைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிளாஸ்டிக் மாட்டைப் பார்த்தார்.

"அது அவங்க முறை. நெச மாடு பின்னால வரும்" என்றார் அத்தை. அப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம் முழுதும் வந்து நின்றுவிட்டது.

அத்தையின் குரல் இறங்கியது. "இவன் என் பையன். பெத்த அம்மா போன்ல இருக்காங்க, அவங்க சம்மதத்தத்தான் தோள்ல போட்டுக்கிட்டு வந்திருக்கேன். ஆள் இல்லன்னு சொன்னீல்ல? நான் இருக்கேன், இவரு இருக்காரு, தோட்டமே இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க வாசல்ல வந்து நில்லு. அக்கா மவனுக்கு உன் மகளக் கேட்டு வந்திருக்கேன் தம்பி. இல்லைன்னா இங்கயே சொல்லிரு, நான் படி ஏறாமலே போயிர்றேன்."

வெளியாட்களுக்கு இது புரியுமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் தம்பி மகள் என்றால் முதல் உரிமை அக்கா மகனுக்கு. அக்கா தட்டெடுத்து வந்து வாசலில் நின்று கேட்டால், இல்லை என்று சொல்ல எந்தத் தம்பிக்கும் வாய் வராது. அப்படிச் சொன்னால் அதோடு உறவே போச்சு. அத்தை தன் வாழ்நாளில் கேட்டே இருக்க முடியாத அந்த உரிமையை அன்று எடுத்து என் அப்பா முன்னால் வைத்தார். நான் மாம்பழக் கலர் சேலையின் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா குங்குமச் சிமிழோடு வாசலுக்கு நகர்ந்தார். அப்பா கையை நீட்டி, இரு என்று தடுத்தார். எனக்கு உயிரே போய் வந்தது. அப்பா வேட்டியை இறக்கிவிட்டார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டார். செருப்பில்லாமல் வெளியே வெயிலில் இறங்கிப் போய், தன் அக்கா முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க சம்மந்தி. எல்லாரும் உள்ள வாங்க."

போனில் அந்த அம்மா தன் மொழியில் சத்தமாக என்னவோ சொல்லிக் குலவை போட்டார். தாபோ மொழிபெயர்க்கிற நிலைமையில் இல்லை. ஜிப்பாவின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா அத்தையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். வியர்வையில் அது வைத்த வேகத்திலேயே மூக்கு வரை இறங்கியது. அத்தை அதைத் துடைக்காமலே அப்பா பக்கம் திரும்பினார்.

"முதல்ல போய் ஃபேன பெருசா வையிடா. பனி விழுற ஊருக்கு நெய்ஞ்ச போர்வை இது, உன் வாசல்லயே வெந்துருவேன் போல."

அப்பா உள்ளே ஓடினார். அத்தை, வாங்கிக்கொள்ள நீண்ட கைகள் எதிலும் தட்டைக் கொடுக்காமல், தானே பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.